இருபத்திரண்டு நாள் அரிப்பு

மாரண்டஹள்ளி,
16-7-2024

அண்ணிக்கு, கலைமணி எழுதுவது.

"இனிமே உன் குரலே என் காதுல வுழக்கூடாது" என்று ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் முன்னால் சொல்லிவிட்டு, அத்தையைக் காரில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். என் நம்பரையும் தடுத்துவிட்டீர்கள் என்பது நேற்று மூன்று முறை போன் செய்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சரி, குரல்தானே கூடாது. எழுத்துக்குத் தடை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். உங்கள் தம்பி அத்தையைப் பார்க்க வரும்போது இதைக் கொடுப்பார். ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன். ஒட்டாவிட்டாலும் அவர் படிக்கமாட்டார். அக்கா பக்கம் நிற்பதா, பெண்டாட்டி பக்கம் நிற்பதா என்று தெரியாமல் மனிதர் இரண்டு நாளாகத் தக்காளித் தோட்டத்திலேயே நிற்கிறார்.

அண்ணி, அத்தையை நீங்கள் அழைத்துப் போனதில் எனக்கு வருத்தமில்லை. பெற்ற மகள், உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்த மாத்திரையை ஃபிரிட்ஜ் மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். இதோடு வைத்திருக்கிறேன். தயவு செய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். பித்தக் குழாயில் கட்டி, அறுக்க முடியாது என்று சேலத்தில் சொன்னபோது நீங்களும் கூட இருந்தீர்கள். அதற்குப் பிறகு மே மாதம் அத்தைக்கு அரிப்பு ஆரம்பித்தது. அதை நீங்கள் பார்க்கவில்லை. நம் ஊர்க் கொசு கடித்து அரிக்கிற மாதிரி இல்லை அது. உள்ளங்கை, உள்ளங்கால், காது மடல், தலை என்று ஓர் இடம் பாக்கியில்லை. சீப்பால் சொறிந்தார். சீப்பைப் பிடுங்கி வைத்தேன். மக்காச்சோளக் கட்டையை எடுத்துக்கொண்டார். அதையும் எடுத்துவிட்டேன். கதவு நிலையில் முதுகைத் தேய்த்தார். ஒரு நாள் பாவாடையெல்லாம் ரத்தம். "கலை, என் தோல உரிச்சு எடுத்துரு சாமி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கடையில் விற்கிற அரிப்பு மாத்திரை, களிம்பு எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் கேட்கவில்லை.

தருமபுரியில் வலி வார்டு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அரிப்பு தோல்ல இல்லம்மா. பித்தம் இறங்க வழியில்லாம ரத்தத்துல கலக்குது. அது நரம்பு வழியா அரிக்குது அரிக்குதுன்னு மூளைக்கு சேதி அனுப்பிக்கிட்டே இருக்குது. இந்த மாத்திரை அந்த சேதிய அடக்கும். மனசு சரியில்லாதவங்களுக்கும் இதே மாத்திரையத்தான் குடுப்போம். ஒரே அருவாள்லதான கரும்பும் வெட்டறோம், கயிறும் அறுக்கறோம்? பயப்படாதீங்க. எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். குடுத்துப் பாப்போம்."

நான்காம் நாளே கேட்டது. நீங்கள் ஜூன் மாதம் வந்தபோதும், போன ஞாயிறு வந்தபோதும் அத்தை சொறியாமல் உட்கார்ந்திருந்தது அதனால்தான். சொறியாத அம்மாவைப் பார்த்துவிட்டு, இந்த மாத்திரை எதற்கு என்று கேட்டீர்கள். அது இருப்பதால்தான் சொறியவில்லை அண்ணி.

தினம் காலை கஞ்சி குடித்த பிறகு ஒன்று. திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும் என்றும் சொல்லியிருக்கிறார். இன்றோடு இரண்டு நாள் போய்விட்டது.

என் மேல் இருக்கிற கோபத்தை என் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கலைமணி

—

பொம்மிடி,
21-7-2024

கலைமணிக்கு,

கடிதம் கிடைத்தது. மாத்திரையைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நீயே வைத்துக்கொள்.

என் அம்மாவுக்குப் பைத்தியம் இல்லை. அறுபத்தெட்டு வயது வரைக்கும் இரண்டு ஏக்கரைத் தனியாக உழுது விதைத்து எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கியவள். அவளைப் பைத்தியத்தின் மாத்திரை சாப்பிட வைத்து, அந்த அட்டையை வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கிற மாதிரி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாய். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் நோயாளியை மட்டுமா பார்க்கிறார்கள்? வீட்டையும்தான் பார்க்கிறார்கள். நாளைக்கு உன் பெண்ணுக்கே வரன் வரும். அப்போது பாட்டிக்குப் புத்தி சரியில்லையாமே என்று கேட்பார்கள். அதை யோசித்தாயா? பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறாய் என்று பேர்.

டாக்டர் ஆயிரம் சொல்வார்கள். அவர்கள் ஊரில் வந்து குடியிருக்கப் போவதில்லை.

இங்கே ஒருவர் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். பத்தியம். இங்கிலீஷ் மருந்து கலக்கக் கூடாது என்றார். வலி மாத்திரையை மட்டும் விட்டிருக்கிறேன். தினம் வேப்பிலை போட்ட தண்ணீரில் குளிக்க வைக்கிறேன். தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறாள். நீ கவலைப்பட வேண்டாம்.

நிர்மலா

—

மாரண்டஹள்ளி,
24-7-2024

அண்ணிக்கு,

மாத்திரை திரும்பி வந்து சேர்ந்தது. ஐந்து மாதம் மலம் மூத்திரம் அள்ளியவளுக்கு நல்ல மரியாதை. நன்றி.

அத்தை நன்றாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் தம்பி ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலிருந்து வந்து சோற்றில் கை வைக்கவில்லை. என்ன என்று கேட்டேன். "கையில துணி சுத்தி வெச்சிருக்கறா கலை. ரெண்டு கையிலயும்" என்றார். அப்படியே எழுந்து வெளியே போய்விட்டார். நன்றாக இருப்பவருக்குக் கையில் எதற்குத் துணி என்று நான் கேட்கப் போவதில்லை. உங்கள் அம்மா, உங்கள் பொறுப்பு.

ஒன்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அன்று வந்திருந்த எட்டுப் பேரில் யாருக்கும் அது என்ன மாத்திரை என்று தெரியவில்லை. மருந்துக் கடைக்காரர்கூட பெயரைச் சொல்லித்தான் எடுத்தார், எதற்கு என்று சொல்லவில்லை. நீங்கள் அட்டையைத் தூரத்தில் பார்த்ததுமே சொன்னீர்கள். எப்படித் தெரிந்தது உங்களுக்கு?

விடுங்கள். பதில் எழுத வேண்டாம்.

கலைமணி

—

பொம்மிடி,
2-8-2024

கலைமணிக்கு,

மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி எனக்குப் பழக்கம். அவள் காட்டியிருக்கிறாள். அப்படித்தான் தெரியும். போதுமா?

பத்து நாள் உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போதும் உனக்காக எழுதவில்லை.

அம்மா தூங்குவதில்லை. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். வெட்டிய நகம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிறது. சொறிந்து சொறிந்து மெருகு ஏறிவிட்டது. துணி சுற்றினால் பல்லால் அவிழ்க்கிறாள். பாதத்தைக் கட்டில் கம்பியில் தேய்த்துத் தேய்த்துத் தோல் போய்விட்டது. வேப்பிலைத் தண்ணீர் ஊற்றும்போது புண்ணில் பட்டு எரிகிறது, ஆனால் எரிச்சல் பரவாயில்லை, அரிப்பு நிற்கிறது என்று இன்னும் ஊற்று இன்னும் ஊற்று என்கிறாள். கீழாநெல்லிக்காரர் பத்தியம் சரியில்லை என்கிறார். மோர்ச்சோற்றைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை, இன்னும் என்ன பத்தியம்?

நேற்று அந்த மாத்திரைப் பேச்சை எடுத்தேன். தம்பி வீட்டில் தினம் சாப்பிட்டாயே, மறுபடி சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. "நீதான சொன்ன, பைத்தியத்துக்குக் குடுக்கறதுன்னு. அத்தன பேரு முன்னால. நான் பைத்தியமா? செத்தாலும் அத வாயில வெக்க மாட்டேன்" என்றாள்.

எத்தனை கொடுக்க வேண்டும், எப்போது என்று சொல். கொடுப்பேன் என்று சொல்லவில்லை. தெரிந்து வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

நிர்மலா

—

மாரண்டஹள்ளி,
4-8-2024

அண்ணி,

கோபமெல்லாம் அப்புறம். உங்கள் தம்பி வண்டியைக் கிளப்பிக்கொண்டு வாசலில் நிற்கிறார், நின்றுகொண்டே எழுதுகிறேன்.

மாத்திரையை மறுபடி வைத்திருக்கிறேன். காலையில் ஒன்று, ஒரே ஒன்று. இடையில் நிறுத்திவிட்டதால் நம் இஷ்டத்துக்கு ஆரம்பிக்கக் கூடாது என்று தேவிப்பிரியாவிடம் கேட்டேன். வீட்டுக்கு வந்து அத்தையைப் பார்த்துவிட்டுப் போவாரே, அந்த நர்ஸ். அவர் டாக்டரம்மாவிடம் பேசிவிட்டார். பழைய அளவிலேயே ஆரம்பிக்கலாமாம். நாளை உங்கள் பக்கத்து நர்ஸ் வந்து பார்ப்பார், புண்ணுக்கும் மருந்து தருவார். தேவிப்பிரியாவின் நம்பர் பின்பக்கம் இருக்கிறது. வேப்பிலைத் தண்ணீர் வேண்டாம். ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

அத்தை சாப்பிட மாட்டேன் என்றால் கஞ்சியில் பொடித்துக் கலந்துவிடலாமா என்று எனக்கே தோன்றியது. கலக்காதீர்கள் அண்ணி. கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் கஞ்சியும் குடிக்க மாட்டார். அவரைத் தெரியாதா?

அந்த வார்த்தையை நீங்கள்தான் போட்டீர்கள். நீங்கள்தான் எடுக்க வேண்டும். நான் நூறு தடவை சொன்னாலும் மருமகள் பேச்சு. எப்படி எடுப்பது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்வது என் வேலை இல்லை என்று நினைக்கிறேன்.

ஹாரன் அடிக்கிறார்.

கலைமணி

—

பொம்மிடி,
11-8-2024

கலைமணி,

இதைப் படித்துவிட்டுக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. தம்பிக்குத் தெரிய வேண்டாம்.

மருந்துக் கடைப் பெண் யாரும் கிடையாது. அந்த மாத்திரையை ஒன்பது வருடமாக நான் சாப்பிடுகிறேன்.

எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நான் எப்படி இருந்தேன் என்று தெரியாது. அம்மா பதினைந்து நாள் இருந்து பத்தியம் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகு அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, உலை வைக்க வேண்டும் என்று தெரியாமல் மத்தியானம் வரைக்கும் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருப்பேன். தண்டவாளத்துப் பக்கம் இரண்டு முறை போனேன். என் வீட்டுக்காரர் ரயில்வே கேங்மேன், அவருடன் வேலை செய்கிறவர்கள் பார்த்து அழைத்து வந்தார்கள். அவர்தான் சேலத்துக்குக் கூட்டிப்போனார். மாதா மாதம் வாங்கி வருவதும் அவர்தான். அட்டையைக் கேழ்வரகு மாவு டப்பாவுக்குள் புதைத்து வைப்பேன். எனக்கும் அவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

அன்று உன் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் அதைப் பார்த்ததும் என் டப்பாவிலிருந்துதான் யாரோ எடுத்துவந்து வைத்துவிட்டார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைக் கேட்பதற்கு முன்னால் நான் கத்திவிட வேண்டும் என்று கத்தினேன். ஒன்பது வருடமாக நான் என்னைச் சொல்லிக்கொள்கிற வார்த்தையை அம்மா மேல் எடுத்து வீசினேன். உன் மேல் பழி போட்டேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அம்மா படுத்திருந்த கட்டிலுக்கும் கேழ்வரகு டப்பாவுக்கும் நடுவில் ஆறு அடி இருக்குமா? அவள் அங்கே கம்பியில் காலைத் தேய்ப்பாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டப்பாவில் கையை விட்டு என் மாத்திரையை எடுத்து விழுங்குவேன். விழுங்கிவிட்டுத் திரும்பிப் போய் அவள் கையைத் துணியால் கட்டுவேன். தினமும் இதைச் செய்தேன் கலைமணி. எனக்கு மட்டும் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை. அவர் வேலைக்குப் போய்விட்டார். நர்ஸ் முந்தின நாளே வந்து புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, மாத்திரை நாளைக் காலையே ஆரம்பித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அம்மா கஞ்சி குடித்தாள். மாத்திரையை நீட்டினேன்.

"எனுக்கு வேணாம். நான் பைத்தியம் இல்ல."

நான் போய் டப்பாவைத் தூக்கிவந்து அவள் எதிரிலேயே மாவைத் துழாவி என் அட்டையை எடுத்தேன். அதைத் துடைத்து, நீ அனுப்பியதற்குப் பக்கத்தில் அவள் மடியில் வைத்தேன்.

"பாரும்மா. ரெண்டும் ஒண்ணுதான். ஒம்போது வருசமா நான் முழுங்கறேன். உனுக்குப் பைத்தியம்னா எனுக்கும் பைத்தியம்."

அவளுக்கு எழுத்து தெரியாது. இரண்டு அட்டையையும் எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சைக் கோடு, அதே எழுத்து, எல்லாம் ஒன்றுபோல இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உனுக்கு எங்கடி அரிக்குது?"

நான் டப்பாவை மூடப் போனேன். அவள் விடவில்லை. "சொல்லுடி, எங்க?"

"தெரியலம்மா. எங்கன்னு கைய வெக்கத் தெரியல."

துணி சுற்றிய கையால் என் வயிற்றைத் தொட்டாள். "இதுவா? அந்தக் கொழந்தையா?"

தலையை ஆட்டினேன்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ பைத்தியம்னு நெனச்சுக்குவியோன்னு."

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "மொதல்ல நீ போடு" என்றாள். போட்டேன். "நாக்க நீட்டு" என்றாள். நீட்டினேன். பார்த்துவிட்டு, "குடு" என்று வாயைத் திறந்தாள்.

அன்றிலிருந்து தினம் காலை ஏழு மணிக்கு அதேதான். "போட்டுக்கிட்டியா?" என்று கேட்கிறாள். நான் நாக்கை நீட்டிக் காட்டினால்தான் அவள் வாயைத் திறக்கிறாள். முதல் இரண்டு நாள் ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சொறிவது பாதியாகக் குறைந்தது. நேற்று கையில் இருந்த துணியை நானே அவிழ்த்துவிட்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதையும் சொறியவில்லை. நிம்மதி வர வேண்டும் இல்லையா? வரவில்லை. ஜூலை பதினைந்திலிருந்து ஆகஸ்ட் ஐந்து வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு நாள்.

அம்மா உன்னைக் கேட்டாள். "கலை கிட்ட சொல்லு, நான் போட்டுக்கிட்டேன்னு" என்றாள். சொல்லிவிட்டேன்.

நிர்மலா

—

மாரண்டஹள்ளி,
18-9-2024

அண்ணி,

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அத்தை இறந்த அன்றிலிருந்து நீங்களும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே அடுப்பில் சமைத்தோம், கட்டிப்பிடித்து அழவும் செய்தோம். ஆனால் பேசவில்லை. அரிசி எங்கே, சாவி எங்கே என்பதைத் தவிர நீங்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஏன் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எனக்குத் தெரியும் அண்ணி. ஆறு வருடமாகத் தெரியும்.

எங்கள் பெண்ணுக்குக் காது குத்தியபோது நீங்கள் வந்திருந்தீர்கள். குழந்தைக்குச் சீப்பு வேண்டும் என்று உங்கள் பையைத் திறந்தேன். அட்டை இருந்தது. பெயரைப் பார்த்து வைத்துக்கொண்டு போனில் தேடினேன். யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் தம்பியிடம்கூட. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. பார், நான் எவ்வளவு நல்லவள், ரகசியம் காக்கிறேன் என்று.

டாக்டரம்மா அத்தைக்கு அதே பெயரை எழுதியபோது நான் பயப்படாததற்குக் காரணமே நீங்கள்தான். அண்ணி இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார், நன்றாகக் குடும்பம் நடத்துகிறார், அத்தைக்கு மட்டும் என்ன ஆகிவிடும் என்று நினைத்துத்தான் முதல் மாத்திரையைக் கொடுத்தேன்.

அன்று எட்டுப் பேர் முன்னால் நீங்கள் கத்தியபோது என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதுவரைக்கும் சரி. ஆனால் கடிதத்தில் எழுதியிருக்கலாமே. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தானே அது. 'அண்ணி, எனக்குத் தெரியும், நான் யாரிடமும் சொல்லவில்லை, அத்தையிடம் நீங்களே சொல்லுங்கள், அவர் சாப்பிடுவார்.' இரண்டு வரி. இதை எழுதவில்லை. எழுதாமல் என்ன எழுதினேன்? எப்படித் தெரிந்தது உங்களுக்கு என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன். நீங்கள் துடிக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். நீங்கள் திருப்பி அனுப்பிய அட்டையைப் பார்த்த கோபம். என்னிடம் வந்து கெஞ்ச வேண்டும் என்று இருந்தது.

நீங்கள் துடித்தீர்கள். பத்து நாள் பதில் இல்லை. அந்தப் பத்து நாளும் அத்தை கட்டில் கம்பியில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு நாள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் எண்ணினேன். என் அந்தக் கடிதம் வரைக்கும் பத்து நாள். அது உங்களுடையது என்று வைத்துக்கொண்டாலும், அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் என்னுடையது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அத்தையை அழைத்துப்போன அன்று நான் நன்றாகத் தூங்கினேன். ஐந்து மாதத்தில் முதல் முறையாக ஆடு மாடு கத்துவதுகூடக் காதில் விழாமல் தூங்கினேன். எழுந்ததும் மனதில் வந்த முதல் நினைப்பு, அப்பாடா, இனி அவள் பார்க்கட்டும் என்பதுதான். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

குளிப்பாட்டும்போது அத்தையின் கையை நான்தான் கழுவினேன். நகம் வளர்ந்திருந்தது. நீங்கள் ஒட்ட வெட்டிவிட்டதாக எழுதியிருந்தீர்களே, அதற்குப் பிறகு வெட்ட வேண்டிய தேவை வரவில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு விரலிலும் நுனியில் வெள்ளையாக ஓர் அரிசி அளவு. மெருகு போய்ச் சாதாரண நகமாக இருந்தது. அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் அன்று நான் சத்தம் போட்டு அழுதேன். எல்லோரும் மாமியார் மேல் எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள்.

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இதை நீங்கள் என்ன செய்தாலும் சரி.

கலைமணி

—

பொம்மிடி,
22-9-2024

கலைமணிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது நீ எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். ஆறு வருடம் தெரிந்துகொண்டே எனக்குக் குழம்பு ஊற்றியிருக்கிறாய். பொங்கலுக்கு வந்தபோதெல்லாம், 'அண்ணி, ஒடம்பு எப்பிடி இருக்குதுங்க' என்று நீ கேட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. உடம்பைத்தான் கேட்கிறாய் என்று நான் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று எட்டுப் பேர் முன்னால் நீ சொல்லியிருந்தால் உன்னை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். தம்பி உறவே வேண்டாம் என்று போயிருப்பேன். ஆனால் அம்மாவுக்கு அரிப்பு நின்றிருக்கும். இரண்டும் உண்மை. எதைப் பிடித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து எனக்கு, பன்னிரண்டு உனக்கு என்று பங்கு போடாதே. அது நிலம் இல்லை. இருபத்திரண்டு நாளும் அனுபவித்தது அவள். நாம் இரண்டு பேரும் செய்தோம். பங்கு போட்டால் குறைந்துவிடும் என்று உனக்கு யார் சொன்னது?

நீ தூங்கியதற்கு அழாதே. நானாக இருந்தாலும் தூங்கியிருப்பேன். நான் இங்கே வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, ஐந்து மாதம் என்றால் என்ன என்று. அதற்காக உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சாவி எங்கே என்று கேட்டேனே தவிர அதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். என் அம்மாவை நீ நன்றாகப் பார்த்துக்கொண்டாய். நான்தான் கெடுத்தேன்.

அவருக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு அட்டையைக் கேழ்வரகு டப்பாவிலிருந்து எடுத்து டிவி பக்கத்தில் வைத்தார். எடுத்து உள்ளே வை என்று நான் சொல்லவில்லை. நேற்று பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி வந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனுக்குத்தான்" என்றேன். வேறு பேச்சுப் பேசினாள். எழுந்து போகும்போது வாசலில் நின்று, அதைச் சாப்பிட்டால் தூக்கம் வருமா என்று மெதுவாகக் கேட்டாள்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மா போன பிறகு ஒழுங்காக நான் மாத்திரை போடவில்லை. இரண்டு நாள் போட்டால் மூன்று நாள் விட்டுவிடுகிறேன். மறந்துவிட்டேன் என்று அவரிடம் சொல்கிறேன். மறக்கவில்லை. ஏழு மணிக்குக் கையில் எடுக்கிறேன், தண்ணீர் டம்ளரும் இருக்கிறது. அவளுக்குக் கொடுக்காமல் நான் மட்டும் விழுங்கிய நாளெல்லாம் ஞாபகம் வந்து, டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறேன். கடைசி இருபத்தாறு நாள் அவள் என்னைக் கண்டிப்பாகக் கேட்டுக் கேட்டுப் போட வைத்தாள். இறந்த அன்று காலைகூட, பேச்சு வரவில்லை, நான் வாயில் போட்டுக்கொண்டதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாக்கை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது கேட்பதற்கு யாரும் இல்லை. முந்தாநாள் அடுப்பு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது கலைமணி.

சேலத்து டாக்டரிடம் நாளை மறுநாள் போகிறோம். அது இருக்கட்டும்.

உன் நம்பருக்குப் போட்ட தடையை எடுத்துவிட்டேன். இது கிடைத்த மறுநாள் காலை ஏழு மணிக்கு போன் பண்ணு. சுகமா, சாப்பாடு ஆயிற்றா என்றெல்லாம் வேண்டாம். போட்டுக்கிட்டீங்களா என்று மட்டும் கேள். தினமும் கேள். நான் பதில் சொல்லாவிட்டால் வைத்துவிடாதே, மறுபடி கேள்.

நிர்மலா